பவுனுவின் பாதி நாக்கு

எங்கள் லோதி ரோடு குவார்ட்டர்ஸில் பவுனு சமைக்காத தமிழ் வீடு குறைவு. அவள் குடிசை இருந்த மதராசி கேம்ப்பை இடித்த பிறகு, ஊர்க்கோடியில் வீடு கொடுத்த நரேலாவிலிருந்து பஸ் மாறி மாறி வருகிறாள். அவள் வைக்கும் ரசத்துக்காக என் கணவர் ஆபீஸிலிருந்து ஓடி வருவார். எனக்காக ஒருநாளும் அப்படி ஓடி வந்ததில்லை.

கொதிக்கிற ரசத்தில் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாள். அந்த நாக்குதான் அவள் பிழைப்பு.

ஞானப்பல் வலி குடைந்தெடுத்தபோது, வீட்டுப் பக்கத்துச் சின்ன கிளினிக்கில் பிடுங்கிக்கொண்டாள். பல் வந்தது, வேர் ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது. கன்னம் வீங்கி வந்தவளைத் திட்டிக்கொண்டே பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். டாக்டர் இந்துஜா தாடையை எல்லாப் பக்கமும் காட்டும் ஸ்கேன் எடுத்தார். ஒடிந்த வேர் நாக்குப் பக்கமாக நகர்ந்திருந்தது.

"அந்தப் பக்கந்தான் நாக்கு நரம்பு ஓடும். ஸ்கேன்ல நரம்பு தெரியாது, வேர் இருக்கிற இடம் தெரியுது. அங்கங்க தோண்டாம நேரா அதை எடுத்துடலாம். ஆனா கொஞ்ச நாள் நாக்கு மரத்துப் போகலாம்."

"திரும்ப வந்துடுமா டாக்டரம்மா?" என்றாள் பவுனு.

"பெரும்பாலும் வந்துடும்."



ஸ்கேனைப் பார்த்துப் பார்த்து வேரை எடுத்துவிட்டார்கள். வீக்கம் வடிந்ததும் பவுனு வேலைக்கு வந்தாள். ஆனால் ருசி பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டாள். "முருகனுக்கு விரதம்க்கா, சமைக்கிறப்ப நாக்குல எதுவும் வெக்கக் கூடாது" என்றாள். அவள் பக்தியை எதிர்வீட்டு விஜயலக்ஷ்மியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். உப்புக் கரித்த சாம்பாரையும் முருகன் பேரைச் சொல்லி விழுங்கினோம். எத்தனை நாள் விழுங்குவது?

"எந்த முருகன்டி உப்ப அள்ளிக் கொட்டச் சொன்னான்?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

அழுதுவிட்டாள். "பாதி நாக்கு செத்துக் கெடக்குதுக்கா. ருசியே புடிபட மாட்டேங்குது. சொன்னா நிறுத்திடுவீங்கன்னு பயந்துட்டேன்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அன்றிலிருந்து உப்பு நானே பார்த்தேன். அதற்கு முருகன் விரதமே தேவலை என்றார் என் கணவர்.

டாக்டர் பொறுத்திருக்கச் சொன்னார். பொறுத்திருந்தோம். போன வாரம் காலையில் டீ போட்டுக் கொடுத்தேன். அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று ஜல்தி ஜல்தியாக உறிஞ்சியவள், டம்ளரை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். கண்ணில் தண்ணீர்.

"என்னடி ஆச்சு?"

"சுடுதுக்கா" என்றாள். "இந்தப் பக்கமும் சுடுது."