இருபத்து மூன்று தாளில் ஒரு வேல்ஸ் வீடு

செவ்வாய்க்கிழமை காலை, தொழிற்சாலை வரவேற்பு மேசையில் தொலைபேசி அடித்தது. தில்லையம்பலம் அண்ணனின் மனைவி மனோக்கா பேசினார். "தங்கச்சி, இவர் போயிட்டார்" என்றார். வேலைக்குக் கிளம்பிவிட்டார் என்று சொல்கிறாராக்கும் என நினைத்து, "இன்னும் இங்க வரலையேக்கா" என்றேன். மறுமுனையில் அழுகை கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. மாரடைப்பாம். இந்த ஊரின் பக்குரங்காப் பகுதியில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், சப்பாத்துக்குக் கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

இந்த நினைவு மலரைப் படிக்கிற உங்களுக்கு அவர் சமையலறை அலுமாரிக்குப் பலகை அறுக்கிறவர். சாமான் தூக்க, கூட்டத்துக்கு நாற்காலி அடுக்க முதலில் வந்து நிற்கிறவர். அவர் யாழ்ப்பாணத்தில் பேர்பெற்ற கட்டடக்கலைஞர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே ஆறு மாதம் தெரியாது.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கழிவுப் பலகைத் துண்டு ஒன்றை எடுத்து, பென்சிலால் ஒரு வீட்டை வரைந்தார். வேல்ஸ் நாட்டுக் கிராமமொன்றில் உள்ள வீடு. மேற்படிப்புக்குப் போன காலத்தில் ஒரு வருடம் அதை அங்குலம் அங்குலமாக அளந்திருக்கிறார். இரண்டரை அடி தடித்த கற்சுவர். வளைந்த ஓக் மரத்தை இரண்டாகப் பிளந்து, தரையிலிருந்தே எதிரெதிராக நிறுத்தி உச்சியில் சேர்த்த கூரைச் சட்டங்கள். சரிவில் கட்டிய அந்த வீட்டின் மேல்பாதியில் மனிதர்கள், கீழ்ப்பாதியில் மாடுகள், நடுவில் இருவருக்கும் பொதுவாக ஒரே நடை. "வெள்ளைக்காரன் மாட்டோடயா குடியிருந்தான்?" என்று நான் சிரித்தேன். "ஓம், மாடுதான் ஹீட்டர். எங்கட வீட்டுக்கும் ஒண்டு வேணும்" என்றார். பக்குரங்கா வீட்டுச் சுவரில் பூத்திருந்த பூஞ்சணத்தை நானும் பார்த்திருக்கிறேன், பொய்யில்லை.

அந்த வீட்டின் புகைபோக்கி வீட்டைக் கட்டும்போதே வைத்தது என்றுதான் ஊரில் எல்லோரும் நம்பினார்களாம். இவர் பரணில் ஏறி, உச்சிச் சட்டங்களைத் துணியால் துடைத்துப் பார்த்திருக்கிறார். தடித்த கரி. அப்படியானால் முதலில் கூடத்தின் நடுவே தரையில்தான் அடுப்பு எரிந்திருக்கிறது. புகைபோக்கியும் மாடித்தளமும் பின்னால் வந்த தலைமுறைகளின் வேலை. "ஆக்கள் சொல்லுறதை விடுங்கோ. கரி பொய் சொல்லாது" என்பார். வீட்டுக்காரியான விதவை அம்மாள், தன் வீடு அத்தனை பழையதா என்று கேட்டு அழுதாராம். இவர் தான் வரைந்த இருபத்து மூன்று தாள்களையும் அவருக்கே பரிசாகக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார்.

அந்தப் பரிசுதான் பின்னால் அவருக்கு மிஞ்சிய ஒரே சொத்து. தொண்ணூற்றைந்தில் போருக்கு அஞ்சி யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது வீடு போனது, அதோடு வாழ்நாள் வரைபடங்கள் எல்லாம் போயின. இங்கே கட்டடக்கலைஞராகப் பதிவு கேட்டபோது, பட்டம் மட்டும் போதாது, உன் கையால் செய்த வேலையைக் காட்டு என்றார்கள். எதைக் காட்டுவார்? ஐம்பத்தேழு வயது. "இந்த முறை இல்லையெண்டால் நான் பலகை அறுத்தே சாகவேண்டியதுதான்" என்று ஒருநாள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். வேல்ஸுக்கு எழுதினார். தொண்ணூறு வயதைத் தொட்ட அந்த அம்மாள், ஒரு தாள் கசங்காமல் அத்தனையையும் குழாயில் சுருட்டி அனுப்பிவைத்தார்.

குழாய் திங்கட்கிழமை வந்தது. மேலாளர் விடுப்புத் தரவில்லை. எப்சம் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு நான் திரும்புவது, பதிவு அலுவலகம் இருக்கும் நகர மையம் வழியாக. "வெள்ளி மட்டும் எடுப்பினமாம் தங்கச்சி. நீங்கள் போகேக்க குடுத்துவிடுறியளே?" என்று கேட்டார். கொடுத்துவிடுகிறேன், கவலைப்படாதீர்கள் என்றேன்.

நான் மதுரைக்காரி. வெள்ளி மட்டும் என்றால் எனக்கு வெள்ளிக்கிழமை மாத்திரம், வேறு நாள் கிடையாது. செவ்வாய்க்கிழமை எனக்கு அரைநாள் வேலை. குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த அலுவலக வாசலைத் தாண்டித்தான் நடந்தேன், பாவி. வெள்ளிக்கிழமை வேலை முடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலே கால். நாலு மணிக்கே சாளரத்தை மூடிவிட்டார்கள். வெளியே வந்த பெண்ணிடம் கெஞ்சினேன். வாரம் முழுக்க வாங்கினோமே, இன்றைக்குத்தான் கடைசி நாள் என்றாள். திரும்பும் வழியில், பஸ்ஸில்தான் எனக்குப் புரிந்தது. யாழ்ப்பாணத்தாருக்கு 'மட்டும்' என்றால் 'வரைக்கும்'. மூன்று வருடம் அவரோடு சாப்பிட்டவள், நூறு தரம் அந்தச் சொல்லைக் கேட்டிருப்பேன். கைக்கு எட்டியதை வாய்க்கு எட்டாமல் செய்தவள் நான்தான்.

அடுத்த முறைக்கு ஆறு மாதம். அவரிடம் பஸ் தாமதமாகிவிட்டது என்று சொன்னேன். குழாயை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு, "நானூறு வருசம் நிண்ட வீடு, இன்னும் ஆறு மாசம் நிக்கும்" என்றார். வீடு நின்றது. அவர்தான் ஐந்தாம் மாதம் போய்விட்டார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று மனோக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன். அறைந்திருந்தாலும் தாங்கியிருப்பேன். அவரோ, "இவருக்குத் தெரியும்" என்றார். நான் வெள்ளிவரை குழாயை வைத்திருந்ததிலேயே ஊகித்து, பஸ் கதையைக் கேட்ட அன்று மாலையே வீட்டுக்கு வந்து சொன்னாராம்: "அவையின்ர ஊரில மட்டும் எண்டால் வேற கருத்து. நான்தான் விளங்கச் சொல்லியிருக்க வேணும், பிழை என்ர. அவவிட்டக் கேட்டுப்போடாதையும், பாவம்."

தெரிந்துகொண்டே ஐந்து மாதம் என் எதிரில் அமர்ந்து சாப்பிட்டிருக்கிறார். தெரியாது என்று நம்பி நானும் அவருக்குக் குழம்பு ஊற்றியிருக்கிறேன். வரைபடங்களை மனோக்கா வைத்திருக்கிறார், அவை அவர் பிள்ளைகளுக்கு. எனக்கு அவர் விட்டுப்போனது நான் கேட்காத ஒரு மன்னிப்பு. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நேரில் சொல்லாததை இந்தத் தாளிலாவது சொல்லிவிடுகிறேன்.

அண்ணா, அன்றைக்கு பஸ் நேரத்துக்குத்தான் வந்தது.