எல்லாரிடமும் ஒன்று கேட்ட அக்கா

அக்கா கொட்டாஞ்சேனையில் பிறந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்த எங்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அவர் மூத்த பிள்ளை. அவர் பிறந்து ஆறு வருடம் கழித்து நான் பிறந்தேன். நான் இல்லாத அந்த ஆறு வருடத்தில் அக்கா யார் யாரோடு விளையாடினார், யாருக்குத் தன் பங்கு மாம்பழத்தைக் கொடுத்தார் என்று யாராவது கதைத்தால், இந்த வயதிலும் எனக்குக் கொஞ்சம் எரியும்.

நினைவு மலர் என்றால் போனவரின் பெருமையை எழுத வேண்டும். எழுதுகிறேன். ஆனால் நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வெள்ளவத்தையில் என் தையற்கடைக்கு வந்து போன சனத்தின் வாயிலிருந்து படித்ததுதான் என் படிப்பு. அளவு எடுக்கும்போது மனிதர்கள் உண்மை பேசுவார்கள். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறவனுக்குப் பொய் வராது. நானும் அப்படி நின்றே இதை எழுதுகிறேன். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர் மீது எனக்கு முப்பது வருடப் பொறாமை இருக்கிறது. என் அக்காவைப் பங்குபோட்டுக்கொண்டவர்கள் நீங்கள்.

எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு நாங்கள் கொட்டாஞ்சேனை வீட்டை விட்டு வெள்ளவத்தைக்கு வந்தோம். அதற்கு முன்பே அக்காவுக்குக் கலியாணம் முடிந்திருந்தது. அத்தான் கொழும்புத் தமிழர். இராணுவத்தில் வாகனம் திருத்துகிற பிரிவில் இருந்தார். சண்டை தொடங்கும் முன்பே சேர்ந்தவர். துவக்கைவிட ஸ்பானரைத்தான் அதிகம் தூக்கியிருப்பார். அக்காவின் கலியாணத்துக்குப் பிளவுஸ் தைத்தது நான். அப்போது தொழில் பழகிக்கொண்டிருந்தேன். நான் வாழ்க்கையில் தைத்த முதலாவது பிளவுஸ் அது. ஒரு கை இறுக்கமாக வந்துவிட்டது. அக்கா அந்தக் கையைத் தூக்காமலே தாலி கட்டிக்கொண்டார்.

அத்தான் வடக்கே போன வாகனத் தொடர் ஒன்றில் இறந்தார். பெட்டியைத் திறந்து காட்டவில்லை. தமிழர் வீடு என்று முகாம் ஆட்கள் வரத் தயங்கினார்கள். இராணுவக்காரன் வீடு என்று நம்மவர்கள் வரத் தயங்கினார்கள். நடுவில் அக்கா வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் இல்லை. நான்தான் இருந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் அக்கா முழுக்க முழுக்க எனக்கே என்று ஒரு கள்ளச் சந்தோஷமும் எனக்கு இருந்தது. கடவுள் அதைக் கேட்டுவிட்டார் போல.

விதவை ஓய்வூதியத்துக்காக அக்கா கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் அவரைப் போன்றவர்கள். சிங்களம், முஸ்லிம், ஒன்றிரண்டு தமிழ். படிவம் நிரப்பத் தெரியாமல் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்காவுக்கு மூன்று மொழியும் எழுத வரும். முதல் நாள் தன் படிவத்தை நிரப்பினார். இரண்டாம் நாள் பின்னால் நின்றவருக்கு நிரப்பினார். ஒரு மாதத்தில் அந்த வரிசையே சங்கமாகிவிட்டது. கொட்டாஞ்சேனையில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் அறை எடுத்தார்கள். காலை இழந்த படைவீரர், கண்ணை இழந்தவர், அவர்களின் மனைவிமார், காணாமல் போனவர்களின் தாய்மார் என்று அந்தப் படி ஏறாதவர் இல்லை. கடைசி வரை அக்காதான் தலைவி.

நம்மவர்களுக்கு இது பிடிக்கவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் நம்மிலும் உண்டு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தெஹிவளையிலிருந்த பெரியம்மா வீடு தேடி வந்தே கேட்டார்.

"நீ ஆருக்கு ஊழியம் செய்யிறாய் பிள்ளை? எங்கட வீடுகளிலயும் ஒப்பாரிதானே?"

"ஓம் பெரியம்மா. அதாலதான் எந்தப் பாஷையில ஒப்பாரி வைச்சாலும் எனக்கு விளங்குது."

பெரியம்மா இரண்டு வருடம் பேசவில்லை. அக்கா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கேற்றடியில் போய் நின்று, "பெரியம்மா, ஒரு பிடி முருங்கையிலை தாங்கோ" என்பாராம். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒடித்துக் கொடுப்பாராம். இரண்டு வருடம் முருங்கையிலை வாங்கியே அந்தக் கதவைத் திறந்தார்.

அதுதான் அக்காவின் முறை. சங்கத்தை அவர் நடத்தியதே அப்படித்தான். உதவி கேட்டு யார் வந்தாலும் எல்லாவற்றையும் கேட்டு, செய்ய வேண்டியதைச் செய்து, வந்தவர் எழும்பும்போது அக்கா சொல்லுவார்: "இனி நான் உங்களிட்ட ஒண்டு கேக்க வேணும்." ஒரு காலை இழந்த முன்னாள் கோப்ரல் ஜயந்த, சக்கர நாற்காலி கேட்டு வந்தவர். அவரிடம் அறைச் சாவியைக் கொடுத்து, தினமும் காலையில் வந்து திறக்கச் சொன்னார். படி ஏற வேண்டுமே என்று ஜயந்த செயற்கைக் கால் பழகினார். நாற்காலி சும்மா கிடந்தது. கண் தெரியாதவருக்கு டெலிபோன் எடுக்கிற வேலை. "கை நீட்டினவனைக் கை நீட்டினபடியே விட்டால் கை அப்பிடியே இறுகிப் போயிடும், தம்பி" என்பார்.

ஒருமுறை ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி ஒருவர் சங்கத்துக்குப் போஷகராக வந்தார். முன்வரிசையில் தனி நாற்காலி எதிர்பார்த்தார்.

"சேர், உங்களிட்ட ஒண்டு கேக்கலாமோ?"

"தாராளமா கேளுங்க."

"இண்டைக்குத் தேத்தண்ணியை நீங்கள் ஊத்துங்கோ."

ஊற்றினார். சீனி கூடிப் போயிற்று என்று ஜயந்த இன்றைக்கும் சொல்லுவார். அந்த அதிகாரி அதன் பிறகு ஒரு கூட்டமும் தவறவிட்டதில்லை.

இப்படி ஊரில் உள்ள எல்லாரிடமும் ஒன்று கேட்ட அக்கா, என்னிடம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. என் வீட்டில்தான் இருந்தார். ஞாயிறு காலையில் என் மனைவி இடியப்பமும் சொதியும் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அக்கா பத்து வீட்டில் பத்துத் தேநீர் குடித்து வயிறு நிரம்பி வருவார். முற்றத்து மல்லிகைக்கு மணமில்லை என்பார்கள். நான் முற்றத்து மல்லிகை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நான் தையற்காரன். என் அக்காவின் பிளவுஸ்களை முப்பது வருடமாகத் தைத்தது வேறொருவர். பெயர் சோமலதா. கணவரைச் சண்டையில் இழந்து, இளம் வயதில் சங்கத்துக்கு வந்த சிங்களப் பெண். தமிழைக்கூட அக்காவிடமே பழகிக்கொண்டார். "உமக்கு என்ன தெரியும்?" என்று அக்கா கேட்டாராம். "கொஞ்சம் தைப்பேன்" என்றாராம். "அப்ப எனக்கு ஒரு பிளவுஸ் தைச்சுத் தாரும்." அன்றிலிருந்து அக்காவின் அளவு நாடா அவர் கையில்.

நான் சண்டை பிடித்தேன். "ஊர் சிரிக்குது அக்கா. தையல்காரன்ர அக்கா வெளியில தைக்கிறா எண்டு."

"உனக்குக் கடை இருக்கு, தம்பி. அவளுக்குக் கை மட்டும்தான் இருக்கு."

"அப்ப என்னட்டைக் கேக்க உங்களுக்கு ஒண்டுமே இல்லையோ?"

"உன்னட்டை என்னத்தைக் கேக்கிறது?" என்று சிரித்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

என் மனைவி உள்ளேயிருந்து சொன்னாள்: "உங்களுக்குப் பொறாமை. வேற ஒரு வருத்தமும் இல்லை."

ஓம். பொறாமைதான்.

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். எங்கள் வீட்டில் அது தலைகீழ். சுற்றிவளைப்புக் காலத்தில் ஒரு நாள், பொலிஸ் பதிவுத் துண்டு கையில் இல்லாத குற்றத்துக்கு என்னைக் கடையிலிருந்து பொலிசுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். அக்கா அத்தானின் இராணுவ அட்டையை எடுத்துக்கொண்டு மறுநாள் காலையிலேயே வந்தார். பெரியவரோடு பேசி என்னை விடுவித்தார். நான் வெளியே வந்து பார்க்கிறேன், அக்காவைக் காணவில்லை. வாசலில் காவல் நின்ற பொலிஸ்காரரின் வீங்கிய காலைப் பார்த்து, உப்புத் தண்ணீரில் வைக்கச் சொல்லிக்கொண்டு நின்றார். அவரோடு இரட்டையாய்ப் பிறந்தவர் படையில் இறந்துவிட்டாராம், தாயார் இன்னும் தேறவில்லையாம். இரவு முழுக்கத் தூங்காத நான் பக்கத்தில் நிற்கிறேன். அக்கா அந்தத் தாயாரின் விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்.

கடைசி இரண்டு மாதம் அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தார். நோய் அவரை உருக்கிவிட்டது. பார்வையாளர் நேரத்தில் கட்டிலைச் சுற்றிச் சங்கத்து ஆட்கள். நான் சாப்பாட்டுக் கரியரோடு வாசலில். தாதி என்னை மறித்தார்.

"நீங்க யாரு?"

"தம்பி."

"காலையில இருந்து வந்த எல்லாருமே தம்பிதான்" என்றார் அவர். "கொஞ்சம் நில்லுங்க."

நின்றேன். என் முறை வந்தது. எனக்குத் தெரியும், நாட்கள் அதிகமில்லை என்று. ஒரே ஒரு தடவை, ஒரு கிளாஸ் தண்ணீராவது, என்னிடம் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று மனது கிடந்து தவித்தது.

"அக்கா, உங்களுக்கு என்ன வேணும்? சொல்லுங்கோ."

"ஒண்டும் வேண்டாம், தம்பி. நேரம் போச்சு, நீ போய்ச் சாப்பிடு."

எனக்கு அக்கா கடைசியாகச் சொன்னது அதுதான். இரண்டு நாளில் போய்விட்டார்.

கேட்காவிட்டாலும் கொடுப்பேன் என்று பிடிவாதம் வந்தது. அத்தான் எடுத்துக் கொடுத்த கத்தரிப்பூ நிறச் சேலையை அலுமாரியிலிருந்து எடுத்தேன். அதற்குப் பொருத்தமாகத் துணி வெட்டி, கடைக்கதவைச் சாத்திக்கொண்டு நானே பிளவுஸ் தைத்தேன். நூல் பிசகாமல், கை இறுகாமல், கலியாணப் பிளவுஸின் குற்றத்துக்கும் சேர்த்துத் தைத்தேன்.

அக்காவின் உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்குக் கொண்டு போனால், அங்கே சோமலதா நிற்கிறார். அவர் கையிலும் ஒரு பார்சல். அதே கத்தரிப்பூ நிறம். அந்தச் சேலையை அவருக்கும் தெரியும்.

எனக்கு வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "இண்டைக்காவது விடுங்கோ. இது என்ர அக்கா."

அவர் பார்சலைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அக்காவுக்கு உடுத்திவிடுகிறவர்கள் என் பிளவுஸை உள்ளே கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் அதைத் திரும்பக் கொண்டு வந்தார்.

"ஐயா, இது சரியான பெரிசு. நிக்குதில்லை."

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லுகிறவன் நான். என்னிடம் என் அக்காவின் அளவு இல்லை. மனதில் இருந்த அளவுக்குத் தைத்திருக்கிறேன். அது நோய் வருவதற்கு முந்திய அக்கா. இரண்டு மாதம் தினமும் பார்த்தும், என் கண் அவரை மெலிய விடவில்லை.

சோமலதாவின் பிளவுஸ் சரியாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அக்காவின் தோளைத் தடவிவிட்டபோதே அவர் கை அளந்திருக்கும். "உங்கடையைக் குடுங்கோ" என்றேன்.

அவர் கொடுக்கவில்லை. என் கையிலிருந்ததை வாங்கினார். அங்கிருந்த மர வாங்கில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஊசி நூல் எடுத்து, என் பிளவுஸின் இரண்டு பக்கத்தையும் பிடித்துத் தைக்கத் தொடங்கினார்.

"நான் தைச்சதை அக்கா முப்பது வருசம் போட்டாச்சு, அய்யே" என்று சிங்களத்தில் அண்ணன் முறை சொன்னார். "தம்பி தைச்சது போகட்டும்."

ஊசி ஓடிக்கொண்டிருந்தது. தலை நிமிராமலே சொன்னார்:

"உங்க மேல எங்களுக்கு எவ்வளவு எரிச்சல் தெரியுமா? எங்களுக்கு அவங்களை அக்கா எண்டு கூப்பிட எப்பவும் ஏதாவது குடுக்க வேணும். நான் பிளவுஸ், ஜயந்த சாவி. நீங்க ஒண்டும் குடுக்காமலே தம்பி. சும்மா பிறந்தீங்க, தம்பி ஆயிட்டீங்க. சங்கத்தில நேரம் போனா அக்கா என்ன சொல்லுவாங்க தெரியுமா? 'நான் போக வேணும், தம்பி சாப்பிடாமல் இருப்பான்.' எங்களில ஒருத்தருக்கும் அப்பிடிச் சொன்னதில்லை."

நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

அக்கா என் பிளவுஸோடு, சோமலதாவின் தையலோடு போனார். பெட்டியைத் தூக்க என் மகனும் மருமகனும் உறவிலே இன்னும் இருவரும் இருந்தார்கள். இரண்டு தோள் குறைந்தது. நான் ஜயந்தவிடம் போய், சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டுக் கேட்டேன்: "மல்லி, கொஞ்சம் தோள் குடுக்கிறீரோ?" அவர் செயற்கைக் காலைச் சரிபண்ணிக்கொண்டு வந்தார். மற்றத் தோளைக் கொடுத்தவர் அன்று தேநீர் ஊற்றிய அதிகாரி. ஒருவரும் தடுக்கவில்லை. தெஹிவளைப் பெரியம்மாவின் மகள் ஒரு கொத்து முருங்கையிலையைப் பெட்டிக்குள் வைத்ததையும் நான் பார்த்தேன்.

இன்று முப்பத்தோராம் நாள். ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட வைத்தியர்களுக்கும், என்னை வாசலில் மறித்த தாதிக்கும், மலர்ச்சாலையில் நின்றவர்களுக்கும், கிரியைகளைச் செய்து தந்த குருக்களுக்கும், கடல் கடந்திருந்து அழுதவர்களுக்கும், சமைத்தவர்களுக்கும், பரிமாறியவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சங்கத்தை இனி நடத்தப் போகும் சோமலதாவுக்கு என் வணக்கம்.

இத்தோடு கையெடுத்துக் கும்பிட்டு உங்களை அனுப்பினால் அக்காவுக்குப் பிடிக்காது. ஆகவே அவருடைய முறைப்படி, நான் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

என் அக்காவைப் பற்றி எனக்குத் தெரியாதது ஏதோ ஒன்று உங்கள் ஒவ்வொருவரிடமும் இருக்கும். அவர் உங்களிடம் என்ன கேட்டார், உங்கள் வீட்டில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார், எதற்குச் சிரித்தார். வெள்ளவத்தையில் என் வீடு உங்களுக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அதை எனக்குத் தந்துவிட்டுப் போங்கள். தேத்தண்ணி நான் ஊற்றுவேன். கேட்கக் கேட்க எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். இருந்தாலும் வாருங்கள்.

தம்பி