கையெழுத்துப் போடாத ஃபிட்டர்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆம்பூர் பஸ் நிலையத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது மேரியிடமிருந்து போன் வந்தது. வேலூரில் நர்ஸாக இருக்கும் மேரி, ஃபிட்டர் இருதயராஜின் மகள். "அங்கிள், அப்பா போய்ட்டாரு. நாளைக்கு மத்தியானம் அடக்கம்" என்றாள். அழுது முடித்துக் களைத்த குரல். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் ஒரு நீளமான பட்டியலே சொல்வேன். அதில் என் பெயரும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவரோடு பழகிய உங்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் இருவரும் பதினோரு வருடம் ஒரே தோல் கம்பெனியில் வேலை பார்த்தோம். அவர் மோட்டாரும் பம்பும் பழுது பார்க்கும் ஃபிட்டர், நான் லேபில் கெமிஸ்ட். என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஆனாலும் என்னை "சார்" என்றுதான் கூப்பிடுவார். "பேர் சொல்லிக் கூப்பிடுங்கண்ணே" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "படிச்ச படிப்புக்கு ஒரு மரியாதை வேணாவா சார்? அப்புறம் இன்னாத்துக்கு அந்தப் படிப்பு?" என்பார். அது கிண்டலா நிஜமா என்பது கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சல்ஃபைடு சேர்ப்பார்கள். அடுத்த கட்டத்தில் அமிலம். இரண்டின் கழிவுநீரும் எங்கள் கம்பெனியில் ஒரே தொட்டியில் போய் விழும். கலந்தால் விஷவாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. எங்கள் ஊர் ஆட்கள் பிறந்ததிலிருந்து நாற்றத்திலேயே வளர்ந்தவர்கள். நாற்றம் நின்றதும் "கேஸ் போய்டுச்சி" என்று நம்பித் தொட்டிக்குள் காலை வைப்பார்கள். நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்ட இந்த விஷயத்தை இருதயராஜ் தொட்டி விளிம்பில் நின்று கற்றிருந்தார். "நாத்தம் அடிக்கிற வரைக்கும் வேலை செய்டா. நாத்தம் நின்னா மேல ஏறி ஓடியா" என்று இறங்குகிற ஒவ்வொருவனிடமும் சொல்வார்.

அவர் அதோடு விட்டுவிடவும் மாட்டார். ஞாயிற்றுக்கிழமை தொட்டி கழுவும்போது, இறங்கியவனின் இடுப்புக் கயிற்றைத் தன் கையில் சுற்றிக்கொண்டு மேலே குந்தியிருப்பார். உள்ளே இருப்பவன் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். "வீட்ல இன்னா கொழம்பு? கறி எடுத்தியா? எவ்ளோ எடுத்த?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பதிலில் ஒரு சொல் குழறினாலும் போதும், இழுத்து வெளியே போட்டுவிடுவார். தலைசுற்றி நாக்கு தடுமாறும்போது இழுத்தால் பிழைப்பான், அதற்கப்புறம் இழுத்தால் பிணம்தான் வரும் என்பது அவருக்குத் தெரியும்.

இந்த வாயு எங்கள் ஊரில் தானாக முளைத்ததில்லை. ஒரு காலத்தில் வெறும் சுண்ணாம்பும் மரப்பட்டையும் போட்டு வாரக்கணக்கில் தோல் பதப்படுத்தினார்கள். இருபதாம் நூற்றாண்டுக்கு அந்தப் பொறுமை இல்லை. சண்டைக்குப் போகிறவனுக்கு பூட்ஸ் வேண்டும், பெல்ட் வேண்டும், அதுவும் உடனே வேண்டும். வாரங்களை நாட்களாகக் குறைக்கும் ரசாயனங்கள் தொழிற்சாலைகளுக்கு வந்தன. சண்டைகள் முடிந்தன, அவசரம் மட்டும் முடியவில்லை. தொழில் வளர்ந்தது, ஊர் வளர்ந்தது என்று இன்றைக்கும் மேடை போட்டுப் பேசுகிறார்கள். பேசட்டும். அந்த மேடையில் ஒருவராவது தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

முதல் உலகப் போரில் இதே வாயுவை எதிரிப் படையின் மேல் திறந்துவிட்டார்கள் என்று ஒருநாள் நூலகத்தில் படித்தேன். மறுநாளே இருதயராஜிடம் சொன்னேன். கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அங்க எதிரிக்கு உட்டாங்க, சரி. இங்க யாரு சார் எதிரி?" என்றார்.

முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை, காவேரிப்பாக்கத்தில் தங்கை வீட்டு விசேஷத்துக்கு அவர் போயிருந்தார். அன்று தொட்டி கழுவும் ஆட்களில் ஒருவனான கோபால் உள்ளே இறங்கினான். சம்பளத்தன்று குடிப்பான், அது எல்லோருக்கும் தெரியும். அன்று இறங்குவதற்கு முன் லேபுக்கு வந்து என் பக்கத்திலேயே நின்று டீ குடித்தான். மகனைப் பள்ளியில் சேர்த்ததைச் சொல்லிச் சிரித்தான். அவனிடம் சாராய வாசனை துளிகூட இல்லை. பேச்சு தெளிவாக இருந்தது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். சொல்லவேண்டிய நாளில்தான் சொல்லவில்லை.

கயிறு கட்டவில்லை. மேலே சூப்பர்வைசர் நின்றிருந்தார். கால் மணி நேரத்தில் கோபாலின் குரல் குழறுவது லேப் வாசலில் நின்ற எனக்கே கேட்டது. "காலையிலேயே ஊத்திக்கினு வந்துட்டான் பாரு" என்று சூப்பர்வைசர் சிரித்தார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். இருதயராஜ் இருந்திருந்தால் அந்த நொடியே இழுத்திருப்பார். இவர்கள் சிரித்து முடித்தபோது உள்ளே சத்தம் நின்றிருந்தது.

மறுநாள் மேனேஜர் அறையில் ஒரு தாள் வைத்திருந்தார்கள். சனிக்கிழமையே ஃபிட்டர் பார்த்துத் தொட்டி பாதுகாப்பாக இருக்கிறது என்று சொன்னதாகவும், கோபால் குடிபோதையில் தவறி விழுந்து இறந்ததாகவும் எழுதியிருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம். எனக்கும் குடும்பம் இருந்தது என்று சொல்லலாம். கோபாலுக்கும்தான் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். எனக்கு அடுத்து இருதயராஜ். தாளை இரண்டு தடவை நிதானமாகப் படித்தார். "தொட்டி நல்லா இருந்துச்சின்னு எழுதியிருக்குது. இந்தத் தொட்டி எந்தக் காலத்துல சார் நல்லா இருந்துச்சி? அவன் குடிச்சான்னு சொல்றதுக்கு நீங்க மோந்து பாத்தீங்களா?" என்று மேனேஜரைக் கேட்டுவிட்டு, பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்றே மாதத்தில் ஏதோ காரணம் சொல்லி அவரை வெளியே அனுப்பினார்கள். போகிற அன்று லேபுக்கு வந்தார். ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை. "மூக்க பத்திரமா வெச்சிக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்புறம் பம்ப் ரிப்பேர் கடை வைத்தார். பழைய மோட்டாரில் விசிறி மாட்டி, நீளமான குழாய் பொருத்தி, தொட்டிக்குள் காற்று ஊதுகிற ஒரு மெஷினைத் தானே செய்தார். அதை மொபெட்டில் கட்டிக்கொண்டு கம்பெனி கம்பெனியாகப் போனார். பாதி இடங்களில் வாட்ச்மேன் கேட்டோடு திருப்பி அனுப்பினான். உள்ளே ஆள் இறங்கப்போகிறான் என்று தெரிந்தால் அந்த கேட்டிலேயே உட்கார்ந்துவிடுவார். தொல்லை தாங்காத முதலாளிகள் அவருக்குப் பேஜார் பிடித்த ஆள் என்று பேர் வைத்தார்கள். அதை அவரிடம் சொன்னேன். "உள்ள எறங்குனவன் உயிரோட மேல வந்து என்னைப் பேஜாருன்னு சொல்லட்டும் சார், சந்தோசம்" என்றார்.

அடக்கத்துக்கு அந்தக் கம்பெனியிலிருந்தும் மாலை வந்தது. 'எங்கள் விசுவாசமான ஊழியருக்கு' என்று ரிப்பனில் அச்சடித்திருந்தார்கள். உயிரோடு இருந்தபோது வெளியே தள்ளியவர்கள், வாய் திறக்க மாட்டார் என்று ஆனதும் உறவு கொண்டாடுகிறார்கள். கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா? மேரி அதை எடுத்துக் கல்லறைத் தோட்டச் சுவருக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள்.

மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது கோபாலின் மனைவி வசந்தா என் பக்கத்தில் வந்து நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"சார், அன்னிக்கு நீங்க அங்க இருந்தீங்கல்ல?"

"இருந்தேம்மா."

"அவரு குடிக்கலன்னு இருதயராஜண்ணன் சொல்லிக்கினேதான் இருந்தாரு. ஆனா அண்ணன் அன்னிக்கு ஊர்ல இல்ல. தோஸ்துக்காகச் சொல்றாருன்னு நெனச்சிக்குவேன். நீங்க சொல்லுங்க சார். குடிச்சிருந்தாரா?"

"இல்லம்மா. என்கூட நின்னு டீதான் குடிச்சான். நான்தான் பொய்யான தாள்ல கையெழுத்துப் போட்டேன்" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "முப்பது வருசமா என் வூட்டுக்காரரத்தான் சார் திட்டிக்கினு இருந்தேன்" என்றார்.

பொய்க்குக் கையெழுத்துப் போடாமல் மூடி வைத்த அந்தப் பேனாவைத்தான் இருதயராஜிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொள்கிறேன். எடுக்கத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. அன்று நடந்ததை முழுதாக ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்திட்டு, மறுநாள் வசந்தாவின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. மருமகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். கோபால் குடித்திருக்கவில்லை என்ற வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். அதை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.