மகளின் ஸ்பானியப் பரீட்சையில் என் குரல்

இரண்டு வருடங்களுக்கு முன், மாரி மழை ஓய்ந்த நாட்களில், கடலோரப் பேசாலையில் எங்கள் வீட்டு வளவில் நடந்தது இது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு கடலுக்கு இறங்கியவன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவும் கூச்சம். ஆனாலும் இதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாளாக மனதில் கிடக்கிறது.

என் மகள் அப்போது பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். சுற்றுலாத்துறை படிப்பு. வெளிநாட்டு மொழி ஒன்றும் கட்டாயம் படிக்க வேண்டுமாம். பிரெஞ்சுக்கும் ஜெர்மனுக்கும் பிள்ளைகள் முந்திக்கொள்ள, இவளுக்கு மிஞ்சியது ஸ்பானிய மொழி. அதில் ஒரு சொல்லும் அவளுக்குத் தெரியாது. தொடங்கிய கொஞ்ச நாளில் விடுதிக்குள் வெள்ளம் புகுந்து, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வகுப்பு கைத்தொலைபேசிக்கு வந்தது.

எங்கள் வீட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது முன்வளவுப் பூவரச மரத்தடியில் மட்டும்தான். நான் கிழிந்த வலை தைக்கிற இடமும் அதுதான். அவள் கதிரையில் உட்கார்ந்து, ஸ்டூலின் மேல் தண்ணீர்ப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்துப் படிப்பாள். அவளுக்குப் பின்னால், கமராவில் விழாத மாதிரி, நான் மண்ணில் குந்தி வலை தைப்பேன். கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை. காதில் விழுந்தது.

முதல் வாரங்கள் பார்க்கவே பாவமாக இருந்தன. கொழும்பிலிருந்து படிப்பித்த ஆசிரியை ஏதாவது கேட்டால், இவள் கோயிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது போல முணுமுணுப்பாள். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அழுதுவிட்டாள்.

"எனக்கு ஏலாதப்பா. மற்றப் பிள்ளையள் டக்கு டக்கெண்டு சொல்லுதுகள். நான் மட்டும் ஊமை மாதிரி இருக்கிறன்."

நான் குனிந்து வலையைத் தைத்தேன். அந்தக் கூச்சம் என்னிடமிருந்து அவளுக்குப் போனது என்பது எனக்குத் தெரியும்.

பிறகு மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டாள். ஒருநாள் 'மேசா' என்றால் மேசை, 'சப்பாத்தோ' என்றால் காலில் போடுகிற சப்பாத்து என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உது எங்கட பாஷையெல்லே பிள்ளை?"

"முந்தி எங்களை ஆண்ட போர்த்துக்கேயப் பறங்கியர் தந்திட்டுப் போனதப்பா. அவையள் ஸ்பெயினுக்குப் பக்கத்து வீடு."

என் மனைவி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, அப்பாவும் மகளும் சேர்ந்தே ஸ்பெயினுக்குப் போங்கோ. அங்கயாவது நீங்கள் வாயைத் திறந்து கதைக்கிறியளோ பாப்பம்."

மூன்று மாத முடிவில் வாய்மொழிப் பரீட்சை வந்தது. இரண்டு நிமிடம் தன் குடும்பத்தைப் பற்றிப் பேச வேண்டும். தவறினால் அடுத்த வருடம் திரும்ப எடுக்க வேண்டும். அவள் ஆசையோடு காத்திருந்த ஹோட்டல் பயிற்சியும் கைவிட்டுப் போகும். பத்து வசனங்கள் எழுதிப் பாடமாக்கினாள். காலையும் மாலையும் அதே பத்து. அவற்றில் பாதிக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் எதற்குப் பின் எது வரும் என்பது நன்றாகத் தெரியும்.

பரீட்சை பின்னேரம் இரண்டு மணிக்கு. நான் வலையைச் சுருட்டிக்கொண்டு எழும்பினேன். அவள் விடவில்லை.

"நீங்கள் இருங்கோ அப்பா. பக்கத்தில ஆரும் இருந்தா எனக்குத் தைரியம். ஆனா மூச்சுக் காட்டக்கூடாது."

இருந்தேன். தொடங்கினாள். பெயர், ஊர், தாய், வீடு எல்லாம் ஒழுங்காக வந்தன. ஆறாவது வசனமும் போயிற்று. ஏழாவதில் 'மி பாட்ரே' என்றாள். என் அப்பா என்று அர்த்தம். அதோடு நின்றுவிட்டாள்.

கால் பெருவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். மறந்துவிட்டாள், எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன். நினைத்து முடிவதற்குள் என் வாய் திறந்துவிட்டது.

"எஸ் பெஸ்காதோர்!"

அவர் மீனவர் என்பதுதான் அது. படகிலிருந்து கரைக்குக் கூப்பிடுகிற குரலில் சொல்லியிருக்கிறேன். பூவரசில் இருந்த காகம் எழும்பிப் பறந்தது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் நாட்டுக்கூத்து போடுவோம். நான் ஒருநாளும் வேடம் கட்டியதில்லை. பக்கத்தில் மறைவாக நின்று பிற்பாட்டுப் பாடுகிறவர்களில் ஒருவன். மேடையில் ஆடுகிறவன் பாட்டின் அடியை மறந்து நின்றால், சனம் கவனிப்பதற்குள் நாங்கள் அந்த அடியைத் தூக்கிக் கொடுத்துவிடுவோம். அவன் அதைப் பிடித்துக்கொண்டு போவான். யாரும் கள்ளம் என்று சொல்வதில்லை. ஆடுகிறவனை அந்தரத்தில் விடுவதுதான் எங்களுக்குக் குற்றம். இருபத்தைந்து வருடப் பழக்கம் அது. பரீட்சைக்கு வேறு சட்டம் என்பது என் வாய்க்குத் தெரியவில்லை.

ஆசிரியையின் முகம் மாறியது. ஆங்கிலத்தில் என்னவோ கேட்டார். மகள் நடுங்கி நடுங்கிப் பதில் சொன்னாள். என் பக்கம் திரும்பவேயில்லை. எனக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும், 'சீட்டிங்' என்ற சொல் விளங்கியது. என் பிள்ளையைக் கள்ளி என்கிறார்.

தோளில் கிடந்த துவாயால் வெறும் உடம்பைப் போர்த்திக்கொண்டு எழும்பிப் போய்ப் போனுக்கு முன்னால் நின்றேன். மீன் வியாபாரத்தில் பழகிய சிங்களம்தான் எனக்குத் தெரியும். அதில் சொன்னேன்: பிழை என்னுடையது, பிள்ளை என்னிடம் கேட்கவில்லை, தண்டிப்பதென்றால் என்னைத் தண்டியுங்கள்.

"உங்களுக்கு ஸ்பானிய மொழி எப்படித் தெரியும்?" என்று அவர் சிங்களத்தில் கேட்டார்.

மூன்று மாதமாகப் பின்னால் இருந்து வலை தைக்கிறேன் என்றேன். கூத்துப் பழக்கத்தையும் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. போனைச் சுற்றிக் காட்டச் சொன்னார். மகள் காட்டினாள். வலை, கோழி, அகப்பையோடு திகைத்து நின்ற என் மனைவி, அவ்வளவும் கொழும்புக்குப் போயிற்று.

பிறகு ஆசிரியை ஒரு முடிவு சொன்னார். பாடமாக்கியதை இனிக் கேட்க மாட்டார். புதிய கேள்விகள். நான் அவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், ஆனால் குரல் எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும்.

வளவின் மறு கரையில் வேலியோரம் போய் நின்றேன். அந்தப் பக்கம் சைக்கிளில் வந்த அயல்வீட்டுக்காரன் காலை ஊன்றி நிறுத்தினான்.

"என்ன மச்சான், மனிசி வெளியில விட்டிட்டாவோ?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"வாயையும் கட்டிப்போட்டாவோ?" என்று சிரித்துக்கொண்டு போனான்.

அங்கிருந்து மகளின் முகம் பக்கவாட்டில் தெரிந்தது. ஒரு சத்தமும் கேட்கவில்லை. கேள்வி வந்திருக்க வேண்டும், தலையை ஆட்டினாள். பிறகு பேசாமல் இருந்தாள். நான் வேலிக் கம்பை இறுக்கிப் பிடித்தேன். போச்சு, போச்சு என்று மனம் அடித்தது. நாக்கு மேலண்ணத்தில் போய்ப் போய் முட்டியது. பிறகு அவளுடைய உதடு அசைந்தது. மெல்லத் தொடங்கி, நின்று, திரும்பத் தொடங்கினாள். ஒருமுறை வெகுநேரம் நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் கையை அசைத்துக் கடல் பக்கம் காட்டி என்னவோ விளங்கப்படுத்திக்கொண்டிருந்தாள். அவள் கைகளை அசைத்துப் பேசி அதற்கு முன் நான் கண்டதில்லை.

பரீட்சையில் சித்தியடைந்தாள். என்னுடைய வேலைக்காகக் கொஞ்சம் புள்ளி குறைத்துத்தான். ஹோட்டல் பயிற்சிக்கு அது போதுமாயிருந்தது.

போனை அணைத்ததும் வேலியடிக்கு வந்தாள். ஏசுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஏசவில்லை.

"முதல் தரமும் நான் மறக்கேல்லயப்பா. பாடமாக்கினதை விட்டிட்டு, உங்களைப் பற்றி நானாய் ஒண்டு சொல்லுவம் எண்டு சொல்லுத் தேடினனான். அதுக்குள்ள நீங்கள் கத்திப்போட்டியள்."

இரண்டாவது தரத்தில் வீட்டுச் சாப்பாடும் கடலும் மழையும்தான் கேள்வியாக வந்தனவாம். அப்பாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவள் என்ன சொல்ல இருந்தாள் என்று நானும் கேட்கவில்லை. அன்று கூச்சம். பிறகு கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று பட்டது.

விடுமுறையில் இப்போதும் வருகிறாள். கதைத்துக்கொண்டிருக்கும்போது இடையில் நிறுத்தி யோசிப்பாள். முன்பென்றால் நானே ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்திருப்பேன். இப்போது வலையில் கையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். பிள்ளை சொல் தேடிப் பேசாமல் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தை எல்லாம் பிடுங்கிப் பிடுங்கி, அவளுடைய எத்தனை வசனங்களை நான் கேட்காமலே போக்கடித்தேனோ என்பது இன்றும் என் மனதை அரிக்கிறது.