உடுக்கின் கடைசி அடி

சத்தம் வெளியே கேட்கக் கூடாத காலத்தில்தான் நான் பேஸ் கிற்றார் பழகினேன். பொழுதுபட்டால் எங்கள் ஒழுங்கையில் ரோந்து போகும் ஆமிக்காரரின் சப்பாத்துச் சத்தம் மட்டும்தான் கேட்கும். நான் உள்ளங்கையால் கம்பிகளை அமத்திக்கொண்டு பெருவிரலால் தட்டுவேன். 'டுக், டுக்' என்று கட்டையாக ஒலி வரும். பிறகு கொழும்பிலிருந்து ஒரு அமெரிக்க ஃபங்க் இசைக் கசற் கிடைத்தது. அதிலும் அப்படித்தான் அமத்தித் தட்டினார்கள். அவர்களுக்கு யாரிடம் பயமோ தெரியாது!

சுனாமி எங்கள் கடற்கரைக் கண்ணகை அம்மன் கோயிலைக் கொண்டுபோனது. வைகாசிச் சடங்கு நின்றது, உடுக்கும் நின்றது. என் காதில் மட்டும் நிற்கவில்லை. தெய்வத்தை அழைக்கும் அந்தத் தாளத்தை, கடைசி அடிவரை அப்படியே பேஸில் ஏற்றினேன்.

யுத்தம் முடிந்தபின் வவுணதீவில் எங்கள் இசைக்குழுவின் முதல் நிகழ்ச்சி. சினிமாக் குத்துப்பாட்டுக்கு அடியில் என் தாளம் ஓடியது. பாட்டுப் பாதியில் முன்னால் இருந்த ஒரு பெண் எழும்பித் தலைமுடி அவிழ ஆடினார். எங்கள் ஒழுங்கை மாமி. பிள்ளைகள் இருவரையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு, இங்கே தங்கை வீட்டில் இருந்தார். அது குத்தாட்டம் இல்லை, அம்மன் உரு ஏறிய ஆட்டம். சனம் கைகூப்பியது. வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும் வந்தன. குழுத் தலைவர் பாட்டை நிறுத்தினார். மாமி மயங்கி விழுந்தார்.

தெளிந்ததும் மாமி கேட்ட முதல் கேள்வி: "ஏன் மனே நிப்பாட்டின? எங்கட கோயில் உடுக்கெல்லோ அது?"

தலைவருக்கு வந்த கோபம் சொல்லி மாளாது.

"தம்பி, இது பாட்டுக் கச்சேரியா, சடங்கா? அந்தத் தாளத்தப் பாட்டில இருந்து எடு. இல்லாட்டி குழுவ விட்டுப் போ."

"எடுக்க மாட்டன் அண்ணன். மாமி விழாமப் பாத்துக்கொள்ளுறன்."

"மறுகா ஆராவது விழுந்தா, நீ வீட்ட போ."

வாய் வீரம் பெரிதாக இருந்தது. வழிதான் தெரியவில்லை. நாள்கணக்காகத் தட்டித் தட்டிப் பார்த்தேன். சடங்கில் உரு ஏறுவது எப்போதும் தாளச் சுற்றின் அந்தக் கடைசி அடியில்தான். ஆகவே அதை மட்டும் விட்டேன். அந்த இடம் வரும்போது கம்பிகளை அமத்திவிடுவேன். டிரம்ஸ்காரரையும் சும்மா இருக்கச் சொன்னேன்.

அடுத்த மேடை அமிர்தகழியில். மாமி மறுபடி முன்னால் வந்து குந்திவிட்டார். தாளம் ஓடி அந்த இடத்துக்கு வந்தது. அமத்தினேன்.

மாமி ஆடவில்லை. தலையைச் சரித்துக் கேட்டார். அடுத்த சுற்றில் அந்த வெற்றிடத்தில் ஒருதரம் கைதட்டினார். அதற்கடுத்த சுற்றில் பக்கத்துப் பெண்களும் சேர்ந்து தட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது, ஆனால் வாசிப்பை விடவில்லை. தலைவரும் நிறுத்தச் சொல்லவில்லை.

அந்த அடியை நான் இன்றுவரை வாசித்ததில்லை. அது மாமியின் கைக்கு.