நாற்பதாம் பக்கம்

என் மனைவிக்கு டிப்போவில் ‘அலமாரி அக்கா’ என்று பெயர். பயணிகள் பேருந்தில் மறந்துவிட்டுப் போகும் குடை, பை, பல்செட் எல்லாம் அவள் பொறுப்பில் ஓர் இரும்பு அலமாரியில் பூட்டிக் கிடக்கும். உரியவர் வருவதற்கு முப்பது நாள் கெடு. புத்தகமாக இருந்தால் அதற்குள் இவள் படித்து முடித்துவிடுவாள். யாராவது கேட்டால், “பக்கமெல்லாம் பத்திரமா இருக்கான்னு சரிபாத்தேன்” என்பாள்.

ஆனால் அவள் ஆசை வைத்தது அலமாரி மீது அல்ல, ஸ்டீயரிங் மீது. கனரக வாகன உரிமம் எப்போதோ வாங்கிவிட்டாள். டிப்போ வைக்கும் டிரைவர் தேர்வில்தான் இரண்டு தடவை தோற்றாள். இரண்டு தடவையும் ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தைத் தட்டிவிட்டாள். மூன்றாவது தடவையும் தட்டினால் அவ்வளவுதான், ஓய்வு பெறும்வரை பல்செட்டுக்குக் காவல். அந்தத் தேர்வு வரும் சனிக்கிழமை என்று ஒரு திங்கட்கிழமை சொன்னார்கள்.

அந்த வாரம் வீட்டில் மனுஷன் இருக்க முடியவில்லை. கதவைச் சாத்தினால் ஏன் சாத்தினீர்கள், திறந்தால் ஏன் திறந்தீர்கள். படபடப்பு அதிகமானால் சிலர் நகத்தைக் கடிப்பார்கள், இவள் புத்தகத்தை எடுப்பாள்.

முதலில் கிடைத்தது, படகில் தனியாகக் கடல் சுற்றிய ஒருவனின் அனுபவம். “மூணு மாசம் தனியா இருந்தேன்னு நானூறு பக்கத்துக்கு அழறான். என்னை விட்டுப் பாருங்க, நல்லாத் தூங்கி எழுந்திருப்பேன்” என்றாள். பிறகு பெருமூச்சு விட்டு, “கடல்ல கம்பமும் கெடையாது. குடுத்து வச்சவன்” என்றாள்.

புதன்கிழமை தேனீ வளர்ப்பு. “தேனீ எவ்ளோ தூரம் போனாலும் வழி தப்பாம வீட்டுக்கு வந்துருது. நீங்க முக்குக் கடைக்குப் போனா ரெண்டு மணி நேரம்.”

“தேனீக்கு சிநேகிதங்க இல்ல” என்றேன். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். எனக்கும் மூச்சு வந்தது.

மூன்றாவது ஒரு துப்பறியும் நாவல். பாதி படிக்கும்போதே அதன் சொந்தக்காரர், மருந்துக்கடை நடத்தும் அம்மா, வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வருவதாகப் போன் செய்துவிட்டார். இவள் விழுந்தடித்துக்கொண்டு படித்தாள். கொலை செய்தது டாக்டர்தான் என்று என்னிடம் சத்தியம் செய்தாள். கடைசியில் பார்த்தால் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவன். வந்த கோபத்தில் அந்த அம்மாவிடமே கேட்டுவிட்டாள்: “இதென்னங்க ஏமாத்து வேலை? முடியப்போற நேரத்துல எங்கேருந்தோ ஒருத்தனக் கொண்டாந்து கொலகாரன்ங்கிறாங்க.”

அந்த அம்மா நாற்பதாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாராம். கிணற்றில் கொலை நடந்த அன்று, மழையே பெய்யாத ஊரில், ஈரச் சட்டையோடு வாசலில் நிற்கிறான் அந்தக் கடிகாரக்காரன். “அவசரமாப் படிச்சீங்களோ?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் இவள் டீ போட்டு என் கையில் கொடுத்தாள். பிறகு சொன்னாள்: “ரெண்டு தடவையும் நான் இப்படித்தாங்க தோத்தேன். அதிகாரி வாட்ச்சப் பாத்ததும், பின்னாடி என்ன இருக்குன்னு பாக்காமயே வண்டிய எடுத்துட்டேன்.” எனக்குப் பயமாகத்தான் இருந்தது. நாளைக்கும் தோற்றால் இந்த முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று நினைத்தேன்.

நான் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு டிப்போ வேலிக்கு வெளியே போய் நின்றேன். இவளுக்கு முன்னால் போன இருவரும் இடது கம்பத்தைச் சாய்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் அதைத் தூக்கி நட்டார்கள். இவள் முறை வந்தது. அதிகாரி வாட்ச்சைப் பார்த்தார். “ஆகட்டும்மா, நேரமாகுது.”

இவள் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கினாள். பேருந்தின் பின்பக்கம் நிதானமாக நடந்து போனாள். இரண்டாவதாகத் தோற்ற ஆள், “என்ன அலமாரி அக்கா, ஏதாவது தொலஞ்சிருச்சா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வேலியைத் தாண்டிப் போய் அவனை நாலு வார்த்தை கேட்கலாமா என்று இருந்தது.

“சார், இடது கம்பம் கோட்டு மேல இல்ல” என்றாள் இவள். “மொதல்ல விழுந்தப்போ மாத்தி நட்டிருக்காங்க. ரெண்டு ஜாண் உள்ள வந்திருக்கு.”

அதிகாரி முகத்தைச் சுளித்துக்கொண்டே டேப் கொண்டுவரச் சொன்னார். அளந்தார். மறுபடியும் அளந்தார். கம்பத்தைப் பிடுங்கிக் கோட்டின் மேல் நடச் சொன்னார்.

அதற்குப் பிறகு இவள் வண்டியைப் பின்னால் எடுத்ததைப் பார்க்க வேண்டுமே. தீப்பெட்டிக்குள் குச்சித்தட்டு போகிற மாதிரி, ஒரே மூச்சில், கம்பத்தைத் தொடாமல் உள்ளே போய் நின்றது. நான் குதித்ததில் வேலிக் கம்பியில் சட்டை கிழிந்தது, கிழியட்டும். எனக்கு முன்னால் கை தட்டியவன் அந்தக் கேலி பேசிய ஆள்தான். இவள் புண்ணியத்தில் அவனுக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்திருந்தது.

அடுத்த மாதம் அவளுடைய முதல் டிரிப்பில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டாண்டிலிருந்து ரிவர்ஸ் எடுக்கும் முன் அவள் இறங்கிப் பின்பக்கம் போனாள். எனக்குப் பின்னால் இருந்தவர், “நேரமாகுது, இந்தம்மா எங்க எறங்கிப் போகுது?” என்று சலித்துக்கொண்டார்.

வாழ்க்கையில் பத்துப் பக்கம் படித்தறியாத நான் நெஞ்சை நிமிர்த்தித் திரும்பினேன்.

“நாப்பதாம் பக்கத்தப் பாக்கப் போயிருக்காங்க. கொஞ்சம் இருங்க, வந்துருவாங்க.”