பலகைப் பாலத்தில் புல்லுக்கட்டு

பெற்றோல் நிலையத்தின் சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளிக்கிட்டு அரை மணித்தியாலம் நடந்திருப்பேன். அவர்கள் தந்த சிவப்புச் சட்டை இன்னும் உடம்பில்தான் இருந்தது. இரண்டு ஷிப்ட் தொடர்ந்து நின்றவனை மூன்றாவதற்கும் நில் என்றார் முதலாளி. ஏலாது என்றேன். அப்படியென்றால் போ என்றார். வந்துவிட்டேன். லண்டனுக்கு வந்த நாலு வருடத்தில் நான் விட்ட ஒன்பதாவது வேலை அது. பள்ளிக்கூடத்தையும் ஒன்பதாம் வகுப்பில்தான் விட்டேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பஸ் வரவில்லை. நகரத்தின் வடமேற்கு ஓரத்தில் வீடுகள் திடீரென்று முடிந்து வயல்கள் தொடங்கும் இடம் அது. ரெய்னர்ஸ் லேனில் நாங்கள் நாலு பேர் இருந்த அறைக்கு ஆறு மைல். வீதியால் போனால் சுற்று என்று புல்வெளிகளுக்குள்ளால் போன ஒற்றையடிப் பாதையில் இறங்கினேன். வெட்டிக் காயவைத்த புல்லை இயந்திரம் சதுரக் கட்டுகளாகக் கட்டி வெளியெங்கும் போட்டிருந்தது. நல்ல வாசனை. இரண்டு நாளாகப் பெற்றோலை மணந்த மூக்குக்கு அது விருந்து.

வெளியின் முடிவில் ஓர் ஓடை. அதற்குள் முழங்காலளவு தண்ணீரில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நின்று, நனைந்த புல்லுக்கட்டு ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். வயது ஐம்பது சொல்லலாம் போலிருந்தது. அக்கரையில் அவருடைய கணவர், ஒரு கை மாக்கட்டோடு நின்றார். கன்று உதைத்து உடைந்த கையாம். திட்டு அந்தக் கணவருக்கில்லை, பாலத்துக்கு. டிராக்டர் போகிற மரப்பாலத்தின் உத்தரம் அன்று காலை முறிந்துவிட்டது. டிராக்டரும் அதன் இழுவைப் பெட்டியும் அக்கரை ஏறிய பிறகுதான் முறிந்ததாம். கட்டுகள் நூற்றெண்பதும் இக்கரையில். நடுவில் நடந்து போகிறவர்களுக்கான ஒரு பலகை மட்டும்.

அந்த அம்மாவைக் கைகொடுத்து ஏற்றிவிட்டேன். வானத்தைக் காட்டினார். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. ஏழு மணிக்கு மழை என்று வானொலி சொல்லியிருந்ததாம். போன வருடமும் புல் மழையில் போய்விட்டது. இந்த வருடமும் போனால் குளிருக்கு முன்னமே பாதி மாடுகளை விற்கவேண்டும். பாதி மாடு நின்றால் பண்ணை நிற்காது. இதையெல்லாம் அவர் ஒரே மூச்சில் சொன்னார். முன்பின் தெரியாத ஒருவனிடம் ஏன் சொல்கிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர் கட்டைத் தூக்கிக் காவிய விதம் பிழை என்பதுதான். கட்டை வயிற்றோடு அணைத்தால் கால் தெரியாது. கால் தெரியாமல் ஒன்றரை அடிப் பலகையில் எப்படி நடப்பது? சிவப்புச் சட்டையைக் கழற்றி முறுக்கிச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்தேன். ஒரு கட்டை மேலே தூக்கிவிடச் சொன்னேன். இருபது கிலோவுக்குக் குறையாது. பலகையில் நடந்து அக்கரையில் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

மாக்கட்டுக்காரர் வாயைப் பிளந்துவிட்டார். "தலையிலயோ!"

"ஓம், தலை சும்மாதானே இருக்குது" என்றேன், என் இங்கிலீஷில்.

நாலு கட்டுக்குப் பிறகு கணக்கு விளங்கியது. மழைக்கு மூன்றரை மணித்தியாலம். என் ஒரு தலை போதாது. அவர்கள் வீட்டுத் தொலைபேசியைக் கேட்டேன். அறையில் மூத்தவரான அண்ணை எடுத்தார். அவர் பலசரக்குக் கடையில் வான் ஓட்டுகிறவர்.

"அண்ணை, வானை எடுத்துக்கொண்டு உடன வாங்கோ. மற்ற ரெண்டு பேரையும் ஏத்திக்கொண்டு வாங்கோ."

"ஏன்ரா, ஆருக்கும் அடிச்சுப்போட்டியோ?"

"இல்லை அண்ணை. புல்லுக் காவ வேணும்."

"வேலையை விட்டிட்டாய், என்ன?"

"ஓம்."

"நாங்கள் இப்பதான் கோயிலால வந்தனாங்கள். வேட்டியும் மாத்தேல்லை."

"வேட்டி நல்லது. சும்மாட்டுக்கு உதவும்."

வந்தார்கள். மூன்று பேரும் திருநீறும் வேட்டியுமாக வானால் இறங்க, அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஊரில் வைக்கோல் காவிய பழக்கத்தில் மூவரும் சேட்டைக் கழற்றி, செருப்பையும் வானுக்குள் விட்டுவிட்டு வெறும் மேலோடு வந்து நின்றார்கள். இது வைக்கோல் இல்லை என்று சொல்ல எனக்கும் தோன்றவில்லை. அவசரத்தில் என் முதுகு எரிவதையே நான் கவனிக்கவில்லை. இரண்டாவது நடையில் அண்ணை கத்தினார்.

"டேய், இது புல்லோ முள்ளுக்கம்பியோ? கழுத்தெல்லாம் கிழிக்குது!"

புல்லோடு புல்லாக முட்செடிகளும் காய்ந்து கட்டப்பட்டிருந்தன. வெட்டிய அடிக்கட்டைகள் உள்ளங்காலில் ஊசி போட்டன. அம்மா வீட்டுக்கு ஓடிப்போய்க் கணவரின் பழைய சேட்டுகளையும் றப்பர் சப்பாத்துகளையும் அள்ளிவந்தார். அவர் ஆறடிக்காரர். சேட்டுக் கைகள் எங்களுக்கு விரலையும் தாண்டித் தொங்கின. மடித்துக் கட்டிய வேட்டி, முழங்காலுக்கு றப்பர் சப்பாத்து, தலையில் புல்லுக்கட்டு. பாதையால் நாயோடு வந்த ஒருவர் நின்று பார்த்துவிட்டு, நாயைக் கூட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பினார்.

நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராக ஓடையைக் கடந்தோம். அக்கரையில் சேரச் சேர அம்மா பெட்டியில் அடுக்கிக் கொட்டகைக்கு ஓட்டினார். மாக்கட்டுக்காரர் பலகையருகே நின்று எண்ணினார். நூறு தாண்டியதும் தேநீரும் சாண்ட்விச் பாணும் வந்தன. பாணுக்குள் மாட்டிறைச்சி. மூவரும் கைகளைப் பின்னுக்கு இழுத்தார்கள்.

"கோயிலுக்குப் போன நாள், மச்ச மாமிசம் ஏலாது" என்றார் ஒருவர்.

அண்ணை கொட்டகைப் பக்கம் நின்ற மாடுகளைப் பார்த்தார். "இதுகளுக்குத் தீனி காவிப்போட்டு, இதுகளையே தின்னவோ?"

அம்மாவின் முகம் வாடியது. தன் பாண் பிடிக்கவில்லை என்று நினைத்துவிட்டார். நான் விளக்கியதும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, வெள்ளரிக்காயும் சீஸும் கொண்டுவந்தார். இறைச்சிப் பாண் நாலையும் நான் சாப்பிட்டேன். நான் கோயிலுக்குப் போகவில்லைத்தானே.

ஏழு மணிக்கு முன்னமே மழை கொட்டியது. பதினொரு கட்டு நனைந்தன. அவற்றைக் கொட்டகைக்குள் எடுக்கவேண்டாம், ஈரக்கட்டு உள்ளே சூடேறி நெருப்புப் பிடிக்கும் என்று தடுத்தார் மாக்கட்டுக்காரர். மற்றவையெல்லாம் கூரைக்குக் கீழே நனையாமல் இருந்தன. அடுக்கை நல்ல கையால் ஒருதரம் தட்டிப் பார்த்தார்.

"மாடுகள் நிக்கும்" என்றார் மனைவியிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். நிற்கிற மாடுகளுக்கு ஆள் வேண்டும், தன் கைக்கட்டைக் கழற்ற ஆறு கிழமை ஆகும், முற்றத்தில் ஆள் படுக்கக்கூடிய ஒரு கரவன் வண்டி சும்மா கிடக்கிறது என்றார்.

அண்ணைக்கு மொழிபெயர்த்தேன்.

"பெற்றோல் அடிச்ச கை இனிப் பால் கறக்கப்போகுதோ?"

"முதல்ல சாணி எண்டு சொல்லுறார், அண்ணை."

"அதுதான் உனக்குச் சரி. உன்ரை பாயை நாளைக்குக் கொண்டுவந்து தாறன்" என்று சொல்லி, ஆறடிக்காரர் சேட்டோடேயே வானை எடுத்தார்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு, இரண்டு அளவு பெரிய சப்பாத்துக்குள் பழைய பேப்பரைத் திணித்துக்கொண்டு, நாற்பத்திரண்டு மாடுகளுக்குப் பின்னால் சாணி அள்ளும் சவளோடு நின்றேன். விடிந்திருந்தது. மழை விட்டிருந்தது. முதல் மாடு திரும்பி என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, நான் தலையில் காவிவந்த புல்லைத் தின்னத் தொடங்கியது. நான் அள்ளத் தொடங்கினேன்.